ஆறாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு புதுசா பேண்டு ஆரம்பிக்கேன், வீட்டு ஆளுகள எப்படி உள்ள கொண்டு வாரது?

வீரவநல்லூர்_பாட்டுசார்

எல்லாருக்கும் வணக்கம். வீரவநல்லூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல மியூசிக் சாரா இருக்கேன். இந்த வருஷம் பேண்டு ஆரம்பிங்கன்னு ஹெச்.எம் சொல்லிட்டாவ. ரொம்ப காலமா பூட்டிக் கெடந்த ரூம தொறந்து பழைய செட்ட வெளிய எடுத்தோம், சைடு டிரம் 6, பேஸ் டிரம் 1, சிம்பல் ஒரு ஜோடி, கிளாரினெட் 4, டிரம்பெட் 3. பேரு குடுத்த பிள்ளைய 22, எல்லாம் ஆறும் ஏழும் படிக்கதுக. எனக்கு வாய்ப்பாட்டும் கீபோர்டும் நல்லா வரும், கிளாரினெட் ஓரளவுக்கு ஊதுவேன், டிரம்பெட் இப்பதான் ஒருத்தர்ட்ட போயி படிச்சிட்டிருக்கேன்.

பிள்ளைய ஆசையா இருக்கு, அதுல குறையே இல்ல. வீட்டு ஆளுகதான் பிடி குடுக்க மாட்டேங்காவ. மீட்டிங்குனு கூப்பிட்டா ஏழெட்டு பேரு வந்தாவ, வந்தவங்களும் கதவு பக்கத்துலயே நின்னுட்டு "படிப்பு கெட்டுப்போவுமே சார்", "ஊதுனா நெஞ்சு வலிக்குமாமே, குடல் எறங்கிருமாமே", "துட்டு எவ்வளவு ஆவும்"னு இந்த மூணயே கேட்டுட்டு போயிட்டாவ. பாதி வீட்டுல அம்மா பீடி சுத்துதாவ, அப்பா கேரளாவுலயோ திருப்பூர்லயோ சவூதியிலயோ இருக்காவ. சாயங்காலம் பிராக்டீஸ் வச்சா டவுன் பஸ்ஸ விட்ருவோம்னு பிள்ளைய பாதியில ஓடுது. இதுக்கு நடுவுல ஆகஸ்ட் 15-க்கு பேண்டு நடக்கணும்னு ஹெச்.எம் ஆசப்படுதாவ.

எதுல இருந்து ஆரம்பிக்கலாம், யாருக்கு எத குடுக்கலாம், வீட்டு ஆளுகள எப்படி கூட நிக்க வைக்கலாம்? அனுபவப்பட்டவங்க கொஞ்சம் வெவரமா சொல்லுங்க.

பாளை_பழைய_பேண்டுமாஸ்டர்

தம்பி, மொதல்ல அந்த செட்ட பாருங்க, பிள்ளைகள அப்புறம் பாக்கலாம். ரொம்ப நாள் பூட்டிக் கெடந்த கிளாரினெட்ல பேடு (கீக்கு அடியில ஓட்டைய மூடுற மெத்தை) எல்லாம் காஞ்சி சுருங்கியிருக்கும். ஒவ்வொரு துண்டா எடுத்து ஓட்டை எல்லாத்தையும் விரலால மூடி, கீழ்ப்பக்கத்த உள்ளங்கையால அடைச்சிட்டு ஊதிப் பாருங்க, காத்து எங்கயாவது சீறுச்சுன்னா அந்த பேடு மாத்தணும். இத பாக்காம குடுத்தா பிள்ள ஊத ஊத கீச்சு கீச்சுன்னு கத்தும், தனக்குத்தான் வரலன்னு நெனச்சி அழுதுட்டு வெச்சிரும், ஆனா தப்பு பேடுல இருக்கும். டிரம்பெட்ல வால்வு மூணும் இறுகியிருந்தா சுத்தியல தொடவே கூடாது, எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வெச்சிட்டு மெதுவா உருவணும். வால்வுல 1, 2, 3-ன்னு நம்பர் போட்டிருக்கும், மாத்தி மாட்டுனா காத்தே போவாது.

யாருக்கு எதுங்கறத பிள்ளைகிட்ட கேட்டு மட்டும் முடிவு பண்ணாதீங்க, ஏன்னா 22 பேரும் டிரம்முன்னுதான் சொல்லும். எல்லாத்துக்கும் எல்லா மவுத்பீஸையும் (ஒவ்வொரு தடவையும் நல்லா கழுவி தொடச்சி) குடுத்துப் பாருங்க. டிரம்பெட்ல உதட்டச் சேத்து பிர்ர்ர்னு அதிர வைக்கணும், சில பிள்ளைக்கு அது மொத நிமிஷமே வந்துரும், சில பிள்ளைக்கு ஒரு வாரம் ஆனாலும் கன்னந்தான் உப்பும். பல்லுக்கு கம்பி போட்ட பிள்ளைக்கு டிரம்பெட் வேண்டாம், உதட்ட குத்தும். கிளாரினெட்டுக்கு விரல் நுனி பாக்கணும், ஓட்டைய முழுசா மூடணும், விரல் ரொம்ப ஒல்லியா இருந்தா இன்னும் ஒரு வருஷம் டிரம்லயோ புல்லாங்குழல்லயோ இருக்கட்டும், வளந்துட்டு வரும். ரீடு (மவுத்பீஸ்ல கட்டி ஊதுற நாணல் பட்டை) ஒண்ணரை இல்லன்னா ரெண்டு நம்பர் வாங்குங்க, பெரிய ஆளுக ஊதுற மூணு நம்பர் ரீட குடுத்தா பிள்ளைக்கு காத்து பத்தாது. அப்புறம் 7 குழல்தான் இருக்குன்னா 7 பிள்ளைக்குத்தான் குடுக்கணும்னு இல்ல, 14 பிள்ளைக்கு தனித்தனி மவுத்பீஸ் வாங்கிட்டீங்கன்னா குழல மட்டும் மாத்தி மாத்தி வெச்சிக்கலாம், மவுத்பீஸ் வெல கையக் கடிக்காது, எச்சி விவகாரமும் அதோட முடிஞ்சிது.

மொத ரெண்டு மூணு வாரம் முழு வாத்தியத்த கையில குடுக்காதீங்க. தா, தக, தகதிமின்னு வாயால சொல்லிக் கை தட்டணும், நின்ன எடத்துல எடது கால் எடுத்து வைக்கணும். பேஸ் டிரம் அடி எப்பவும் எடது காலுக்கு. பெரியவங்க அணிவகுப்புல நிமிஷத்துக்கு 120 அடி பக்கம் போவும், இந்த பிள்ளைகளுக்கு இப்ப 100 போதும். டிரம் பிள்ளைகளுக்கு பழைய டயர்ல ஒரு துண்டு வெட்டி பலகையில ஒட்டிக் குடுங்க, வீட்டுல பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வராம அடிக்கலாம், வலது கையும் எடது கையும் ஒரே உயரத்துல எழும்புதான்னு அதுலதான் தெரியும்.

ஊதுற பிள்ளைகளுக்கு மவுத்பீஸ் மட்டும் குடுங்க. ஒரே சத்தம், நேரா, ஆடாம, எட்டு எண்ணுற வரைக்கும். அது வந்த பிறகு அஞ்சு சுரம். கிளாரினெட்ல சா ரி கா மா பா அஞ்சும் எடது கையிலயே முடிஞ்சிரும், எல்லாத்தையும் தெறந்தா பா, பெருவிரல் மட்டும் வெச்சா மா, அப்படியே ஒவ்வொரு விரலா மூடிட்டு வந்தா சா வரைக்கும் எறங்கலாம். டிரம்பெட்ல சாவுக்கும் பாவுக்கும் ஒரு வால்வும் அமுக்க வேண்டாம், உதடுதான் மாத்தணும், அதனால சா ஊதச் சொன்னா பாதிப் பிள்ள பா ஊதும், அதுக்கு வையாதீங்க. இன்னொன்னு, கிளாரினெட்டும் டிரம்பெட்டும் ரெண்டும் பி ஃபிளாட் வாத்தியம், அதுல சா ஊதுனா கீபோர்டுல பி ஃபிளாட்தான் வரும், நீங்க கீபோர்டுல கூட வாசிக்கணும்னா ஆறரைக் கட்டைக்கு வெச்சிக்கிடணும், ஒரு கட்டையில வாசிச்சிட்டு பிள்ளைய சுதி சேரலன்னு சொல்லக் கூடாது.

ஆகஸ்ட் 15-க்கு ஊதுற பிள்ளைகள எறக்காதீங்க, டிரம்ம மட்டும் எறக்குங்க. அரைகுறையா ஊதுன ஒரு நாளுக்கு அப்புறம் பிள்ள உதட்டுல ஒக்காந்த கெட்ட பழக்கத்த மாத்த வருஷக்கணக்கா ஆவும். ஹெச்.எம்-ட்ட தெளிவா சொல்லிருங்க.

முக்கூடல்_பார்வதி_அம்மா

சார் வணக்கம். நான் முக்கூடல், வீட்டுல பீடிதான் சுத்துதேன். எம்மக ஏழாவது, அவ ஸ்கூல்ல போன வருஷத்துல இருந்து கிளாரினெட் ஊதுதா. நீங்க கேட்ட கேள்விக்கு வீட்டு பக்கத்துல இருந்து சொல்லுதேன்.

எங்கள மாதிரி ஆளுக மீட்டிங்குக்கு வராததுக்கு பிள்ள மேல அக்கற இல்லன்னு நெனைச்சிராதீங்க. இல வெட்டி, சுத்தி, கட்டு கட்டி, கடையில கொண்டு குடுக்க ஒரு நேரம் இருக்கு, அந்த நேரத்த விட்டா அன்னைக்கு கூலி போச்சு. ஸ்கூல்ல இருந்து மூணு மணிக்கு வாங்கன்னு சொன்னா எப்படி வரமுடியும். எம்மக ஸ்கூல் டீச்சர் என்ன பண்ணாவன்னா கடையில பீடி குடுத்துட்டு நாங்க திரும்புற நேரம் பாத்து ஸ்கூல் வாசல்லயே வேப்பமரத்தடியில பிள்ளைகள நிக்க வெச்சி ஊத வெச்சாவ, நாங்க கைல சொளவோட நின்னு கேட்டுட்டு வந்தோம். கால் மணி நேரம்தான். அதுக்கு அப்புறந்தான் எங்க தெருவுல நாலு பேரு பிள்ளைய சேத்தாவ.

அந்த டீச்சர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப உபயோகமா இருந்துச்சி. எனக்கு மியூசிக் ஒண்ணும் தெரியாது டீச்சர், நான் என்னத்த பாக்கனு கேட்டதுக்கு, நீங்க பாக்கவே வேண்டாம், சுத்திக்கிட்டே இருங்க, சத்தம் ஆடாம வருதா, நடுவுல நடுங்குதா, அது மட்டும் கேட்டுச் சொல்லுங்கன்னாவ. பீடி சுத்துற கைக்கும் கண்ணுக்குந்தான் வேல, காது சும்மாதான இருக்கு. தெனம் சாயங்காலம் காப்பி குடிச்சிட்டு பத்து நிமிஷம் எம்முன்னால ஒக்காந்து ஊதுவா, நூலக் கட்டிக்கிட்டே நான் "இப்ப நடுங்குது", "இப்ப நல்லாருக்கு"ம்பேன். இப்ப சத்தம் போறப்பவே ரீடு வாய்ல சரியா ஒக்காரலன்னு எனக்கே தெரிஞ்சிருது. அவ ஆச்சி கூட மொதல்ல பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இதுன்னாவ, இப்ப பத்து நிமிஷம் ஆயிட்டான்னு அந்த ஆச்சிதான் கடிகாரம் பாக்காவ.

துட்டு விஷயத்த மொத மீட்டிங்லயே தெளிவா சொல்லிருங்க சார். வாத்தியம் ஸ்கூலோடது, ரீடுக்கு மட்டும் இவ்வளவு ஆவும், ஒடஞ்சா யாரு பொறுப்புன்னு. சொல்லாம விட்டா பின்னால பெரிய தொகை கேப்பாவன்னு நாங்க பயந்து ஒதுங்கிருவோம்.

அம்பை_பிடிசார்

மாஸ்டர் அண்ணாச்சி சொன்னதுல ஆகஸ்ட் 15 விஷயத்துல மட்டும் எனக்கு வேற கருத்து இருக்கு. ஊதுற பிள்ளைகள மைதானத்துக்கு வெளிய நிக்க வெச்சா அதுக வீட்டுல இருந்து ஒருத்தரும் வரமாட்டாவ. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துல நடக்குற மாவட்ட விழாவப் பத்தி நான் சொல்லல, நம்ம ஸ்கூல் கொடிக்கம்பத்தடிய சொல்லுதேன். கொடி ஏறுன பிறகு எல்லாரும் நின்ன எடத்துல நின்னுக்கிட்டு சா-ன்னு ஒரே ஒரு சுரத்த நாலு தடவ நீளமா ஊதட்டும், அதுக்கு அடியில டிரம்ம உருட்டி அடிக்கட்டும். நடக்கவும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். பிள்ள சட்ட போட்டு தொப்பி வெச்சி நிக்கத போட்டோ எடுத்து சவூதிக்கு அனுப்புனா போதும், அந்த அப்பா மறுநாள் ஃபோன் பண்ணி கேப்பாரு. அத வெச்சிதான் எங்க ஸ்கூல்ல வாட்ஸ்அப் குரூப்பே உயிரோட ஓடுது.

பஸ்ஸுக்கு ஒரே வழி, காலையில பிரேயருக்கு முன்னால அரை மணி நேரம். சாயங்காலம் வெச்சா டியூஷன், பஸ், கோயில் கொடை, சர்ச் அசனம்னு ஏதாவது ஒண்ணு வந்து நிக்கும்.

பாளை_பழைய_பேண்டுமாஸ்டர்

ஒரே சுரம்னா எனக்கு ஆட்சேபணை இல்ல தம்பி. நின்னு ஊதலாம். நடந்துக்கிட்டு ஊதத்தான் கூடாது, கால் தரையில படுறப்ப மவுத்பீஸ் பல்லுல இடிக்கும். அத அடுத்த வருஷத்துக்கு வெச்சிக்கிடுங்க.

காருகுறிச்சி_காத்து

எங்க வீடு நாயனக் குடும்பம், தாத்தா ஊதுனாவ, பெரியப்பா தவில். நாயனத்துல காருகுறிச்சி அருணாசலம் பேரு சொன்னா தெரியாத ஆளு கெடையாது, 1921-ல பொறந்து 1964-ல மறைஞ்சாரு. அந்த ஊருப் பக்கத்துல பேண்டு ஆரம்பிக்கீங்க, உங்க 22 பிள்ளையில ரெண்டு மூணு பிள்ளைக்காவது வீட்டுல தவிலோ, நையாண்டி மேளமோ, சர்ச் பேண்டோ, வில்லுப்பாட்டோ இருக்கும். மீட்டிங்ல "பேண்டு தெரிஞ்சவங்க இருக்கீங்களா"ன்னு கேட்டா கை தூக்க மாட்டாவ. நீங்களே வீட்டுக்குப் போயி "சீவாளிய (நாயனத்துல வாயில வெச்சி ஊதுற துண்டு) எப்படி பத்திரமா வெச்சிருக்கீங்க, பிள்ளைகளுக்கு ஒரு நாள் வந்து காட்டுங்க"ன்னு கேளுங்க. சீவாளி கொறுக்கைத் தட்டையில பண்றது, கிளாரினெட் ரீடும் ஒரு வகை நாணல்தான், ரெண்டுக்கும் கவனம் ஒண்ணுதான். ஊதுறதுக்கு முன்னால எச்சில்ல நனைக்கணும், ஊதி முடிச்சதும் தொடச்சி காயப் போடணும், நுனியில நகம் படக் கூடாது, ஒரே ரீட தெனம் ஊதாம ரெண்டு மூண மாத்தி மாத்தி வெச்சிக்கிடணும். எங்க தாத்தா சீவாளிய வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சி ஒரு கண்ண மூடிக்கிட்டு நடுவுல எங்க தடிமன் இருக்குன்னு பாப்பாரு, நாங்க மூச்சு விடாம நிப்போம். அந்த மாதிரி ஒரு ஆளு வந்து பிள்ளைகளுக்கு முன்னால ஒக்காந்தா ரீட யாரும் டெஸ்க்கு மேல தூக்கிப் போட மாட்டாவ. முக்கியமா, அந்த வீட்டுப் பிள்ளைக்கு கிளாஸ்ல தல நிமிரும்.

பாட்டு விஷயம். உங்களுக்கு வாய்ப்பாட்டு தெரியும்னு சொன்னதால இது. அஞ்சு சுரம் வந்த பிறகு தா ஒண்ண சேத்துட்டீங்கன்னா டிவிங்கிள் டிவிங்கிள் மெட்டு முழுசும் வந்துரும். அதே மெட்டுல முத்துசாமி தீட்சிதருக்கு ஒரு பாட்டு இருக்கு, சியாமளே மீனாக்ஷி. சென்னைக் கோட்டையில வெள்ளக்காரன் பேண்டு வாசிச்ச மெட்டுகளக் கேட்டு அதுக்கு சமஸ்கிருத சாகித்தியம் போட்டாரு, நோட்டு சுரம்னு சொல்லுவாவ, கிட்டத்தட்ட 40 பாட்டு இருக்கு, எல்லாம் சங்கராபரண ராகம். அவரு கடைசிக் காலத்துல இருந்து 1835-ல மறைஞ்சது நம்ம எட்டயபுரத்துலதான். பேண்டுல பொறந்த மெட்டு, பேண்டுக்கு நல்லா ஒக்காரும், வீட்டுல ஆச்சிமாரும் கூடப் பாடுவாவ. அதுல இன்னொரு பாட்டான சக்தி சஹித கணபதிம், எட்டு சுரமும் வந்த பிறகு எடுங்க.

தமிழ்த்தாய் வாழ்த்து எல்லாரும் கேப்பாவ. அது மோகனம், மா கெடையாது நி கெடையாது, சா ரி கா பா தா மட்டும். அந்த அஞ்சையும் ஏத்தி எறக்கி தெனம் ஊத வைங்க, பாட்ட இப்பவே தூக்காதீங்க. கிளாரினெட்ல தா தாண்டி மேல ஏறுறப்ப விரல் அத்தனையும் மூடி பின்னாடி உள்ள கீயையும் அமுக்கணும், அந்த எடத்துல எல்லாப் பிள்ளையும் தடுமாறும்.

வீரவநல்லூர்_பாட்டுசார்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிச்சிட்டு ஒவ்வொண்ணா நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். பார்வதி அக்கா சொன்ன கடை நேரம் எனக்கு தோணவே தோணாத விஷயம். இன்னும் ரெண்டு சந்தேகம். நெஞ்சு வலி, குடல் எறக்கம்னு கேக்க அம்மாக்களுக்கு என்ன சொல்லட்டும்? வாத்தியத்த வீட்டுக்கு குடுத்து விடலாமா? ஸ்கூல்ல பயப்படுதாவ.

பாளை_பழைய_பேண்டுமாஸ்டர்

நெஞ்சு விஷயத்துக்கு வாயால பதில் சொல்லாதீங்க, பிள்ளைக்கு என்ன சொல்லிக் குடுக்கீங்களோ அத அம்மாவ செய்ய வைங்க. ஒரு சின்னக் காகிதத் துண்ட சுவத்துல வெச்சி கைய எடுத்துட்டு ஊதியே அது கீழ விழாம நிறுத்தணும். வயித்துல இருந்து காத்து வந்தாத்தான் நிக்கும், தொண்டைய இறுக்குனா விழுந்துரும். வீட்டுல அப்பா, மாமா, அண்ணன் எல்லாரும் போட்டி போடுவாவ, துட்டும் இல்ல வாத்தியமும் வேண்டாம். இந்தக் காத்துல முக்கல் மொனகல் கெடையாதுன்னு அவங்க வயித்துக்கே தெரிஞ்சிரும். ஆரம்பத்துல தல சுத்தும், அது மூச்ச வேகமா விடறதால, ஒக்கார வெச்சி ரெண்டு நிமிஷம் சும்மா விட்டா சரியாயிரும். இழுப்பு உள்ள பிள்ளைன்னா டாக்டர்ட்ட கேட்டுட்டு வரச் சொல்லுங்க. ஏற்கெனவே குடல் எறக்கத்துக்கு ஆபரேஷன் பண்ணுன பிள்ளையா இருந்தாலும் அப்படித்தான், அதுல நாம முடிவு பண்ணக் கூடாது.

வீட்டுக்கு குடுத்து விடுங்க. ஸ்கூல்ல மட்டும் ஊதுன பிள்ள வளராது. ஆனா குடுக்கதுக்கு முன்னால அம்மாவையோ ஆச்சியையோ வரச் சொல்லி, பிள்ளையே அவங்களுக்கு முன்னால கிளாரினெட்ட அஞ்சு துண்டா கழட்டி, உள்ள துணி இழுத்து தொடச்சி, திரும்ப பெட்டியில வெச்சிக் காட்டணும். டிரம்பெட்ல தண்ணி வெளியேத்துற சாவி எங்க இருக்குன்னு காட்டணும். காட்டத் தெரிஞ்ச பிள்ளைக்கு மட்டும் பெட்டி. நம்ம ஊரு வெயில்ல சைக்கிள் கேரியர்ல கட்டி நிறுத்தக் கூடாது, மரக் கிளாரினெட்டுன்னா வெடிச்சிரும். அப்புறம் இத கண்டிப்பா சொல்லுங்க, அல்வா, முட்டாய், கலர் எது சாப்பிட்டாலும் வாய் கொப்பளிக்காம ஊதக் கூடாது. சீனித்தண்ணி பேடுல எறங்குச்சின்னா அதுல பிசுபிசுன்னு ஒட்டிக்கிடும், அது காஞ்சா கீ எழும்பவே எழும்பாது. நம்ம ஊருல அல்வா இல்லாத வீடா?

முக்கூடல்_பார்வதி_அம்மா

சார், எங்க பக்கம் டீச்சர் ஒரு நோட்டு குடுத்திருக்காவ, பிள்ள ஊதுன நாளுக்கு வீட்டுல யாராவது ஒரு கையெழுத்துப் போடணும். எழுதத் தெரியாத ஆச்சிமாருக்கு ஒரு பொட்டு வெச்சா போதும்னு சொல்லிட்டாவ. உங்க பக்கமும் அப்படியே வைங்க, கையெழுத்துப் போடத் தெரியலங்கற கூச்சத்துலதான் பாதிப் பேரு ஸ்கூல் பக்கம் வராம இருக்காவ. அடுத்த மீட்டிங் சனிக்கிழம வைக்கீங்களா? உங்க ஊரு கடையில கூலி என்னைக்கு போடுதாவன்னு ஒரு வார்த்த கேட்டுட்டு வைங்க, அன்னைக்கு கூட்டத்துல நாங்க நகர முடியாது.

வீரவநல்லூர்_பாட்டுசார்

கேட்டுட்டேன் அக்கா, சனிக்கிழமதான் கூலியாம். ஞாயித்துக்கிழம காலையில சர்ச் முடிஞ்சி பதினோரு மணிக்கு மேல, ஸ்கூல் வாசல்லயே வைக்கேன். காகிதமும் ஒரு சுவரும் ரெடி. தவில்காரர் வீட்டுக்கு நாளைக்கு போறேன், என் பிள்ளையில ஒருத்தனோட தாத்தாவாம்.